ஏமாறத் தெரியாத கண்கள்: எஸ்.பி. என்பவரின் நிகழ்வு ஆய்வு

இணையாக வரைந்த நீளக் கோடுகள் சில. ஒவ்வொரு கோட்டின் மேலும் குட்டி வெட்டுக்கோடுகள். ஒன்றில் அவை இந்தப் பக்கம் சாய்ந்திருக்கும், அடுத்ததில் அந்தப் பக்கம். ஜெர்மானிய வானியலாளர் சோல்னர் ஒரு துணியின் அச்சில் கவனித்து 1860இல் வெளியிட்ட உருவம் இது. யாரிடம் காட்டினாலும் நீளக் கோடுகள் ஒன்றையொன்று நோக்கிச் சாய்கின்றன என்பார்கள். அளவுகோல் வைத்து அளந்து காட்டினால் ஒப்புக்கொள்வார்கள். ஆனாலும் கண்ணுக்குச் சாய்ந்தபடியேதான் தெரியும்.

1959 ஜனவரியில், இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டன் நகரில், மருத்துவமனையில் இருந்த 52 வயதுக்காரர் ஒருவரிடம் இந்த உருவத்தைக் காட்டினார்கள். கோடுகள் இணையாக இருக்கின்றன என்றார் அவர்.

அவர் சொன்னதுதான் சரி. பிசகு நம்முடையது. ஆனால் அந்த மனிதருக்குப் பார்வை வந்து ஏழு வாரம்கூட முழுதாக ஆகியிருக்கவில்லை. எதிரே நிற்பவரின் முகத்தை வைத்து அவர் யாரென்று சொல்ல அவரால் முடியாது. புகைப்படத்தைக் கொடுத்தால் நிறங்களைச் சொல்வார். படத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டால் விழிப்பார். நம்மை ஏமாற்றும் படம் அவரை ஏமாற்றவில்லை. நமக்குப் பிடிபடும் உலகமோ அவர் கண்ணுக்குப் பிடிபடவில்லை. இந்த இரண்டும் ஒரே காரணத்தின் இரு விளைவுகளா என்பதுதான் இந்த நிகழ்வு எழுப்பும் கேள்வி.

பின்னணி

ஆய்வு அறிக்கையில் அவர் பெயர் எஸ்.பி. என்ற இரண்டு எழுத்துகளோடு நின்றுவிடுகிறது. 1906இல் பிறந்தவர். பத்து மாதக் குழந்தையாக இருந்தபோது இரண்டு கண்களின் கருவிழியும் புண்பட்டு மங்கிப்போயின. வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது தெரியும், அவ்வளவுதான். சிவப்பு, வெள்ளை, கறுப்பு ஆகிய மூன்று நிறங்களின் நினைவு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. பர்மிங்ஹாமில் பார்வையற்றோர் பள்ளியில் படித்தார். அங்கேயே காலணி பழுதுபார்க்கும் தொழிலைக் கற்றுக்கொண்டார். வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையில் உட்கார்ந்து அந்த வேலையைச் செய்து பிழைத்தார்.

ஒடுங்கிக் கிடந்த மனிதரில்லை. நண்பர் ஒருவர் தோளில் கைவைத்துக்கொள்ள, சைக்கிள் ஓட்டுவார். கருவிகள் என்றால் கொள்ளை ஆசை. மைத்துனரின் காரைக் கழுவும்போது அதன் வடிவத்தைக் கையாலேயே மனதில் கட்டிப் பார்ப்பாராம். சாலையைத் தனியாக, தயங்காமல் கடப்பார். சுருக்கமாகச் சொன்னால், பார்வை இல்லாத வாழ்க்கையில் கைதேர்ந்தவர். பிற்பாடு நடந்ததைப் புரிந்துகொள்ள இதை மறக்காமல் இருப்பது முக்கியம்.

1958 டிசம்பர் 9ஆம் தேதி இடக்கண்ணிலும், 1959 ஜனவரி 1ஆம் தேதி வலக்கண்ணிலும் கருவிழி மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. இவரைப் பொறுத்தவரை விழித்திரையும் அதன் பின்னாலுள்ள நரம்பும் சேதமில்லாமல் இருந்தன. கெட்டுப்போனது முன்பக்கத்து ஒளிபுகும் படலம் மட்டும். அதை மாற்றியதும் ஒளி உள்ளே போனது. செய்தித்தாள்களில் இது பெரிய செய்தியாக வந்தது. அப்போது கேம்பிரிட்ஜில் இருந்த உளவியலாளர் ரிச்சர்ட் கிரகரியும் ஜீன் வாலஸும் செய்தி அறிந்ததும், கையில் அகப்பட்ட சோதனைப் படங்களையும் கருவிகளையும் காரில் அடைத்துக்கொண்டு வுல்வர்ஹாம்ப்டனுக்கு விரைந்தார்கள். அவர்கள் எஸ்.பி.யைச் சந்தித்தது ஜனவரி 26, முதல் அறுவைக்குப் பின் 48ஆம் நாள். இருவரும் சேர்ந்து எழுதிய அறிக்கை 1963இல் வெளியானது.

முதல் பார்வை

கட்டை அவிழ்த்ததும் கண்ணெதிரே உலகம் விரியும், அன்புக்குரியவர்களின் முகத்தைக் கண்டு கண்ணீர் மல்குவார் என்றெல்லாம் கதைகளில் படித்திருக்கிறோம். எஸ்.பி. சொன்னது வேறு. முன்னால், சற்று ஒரு பக்கமாக, மருத்துவரின் குரல் கேட்டது. குரல் வந்த திசையில் திரும்பினார். அங்கே ஒரு மங்கலான கலங்கல் தெரிந்தது. குரல் என்பது முகத்திலிருந்து வருவது. ஆகவே இது முகமாகத்தான் இருக்கவேண்டும் என்று முடிவு செய்தார். குரல் மட்டும் கேட்டிராவிட்டால் அது முகமென்று தமக்குத் தெரிந்தே இருக்காது என்றும் அவர் கருதினார்.

இந்த ஒரு நிகழ்ச்சியைச் சற்று நிறுத்தி நிதானமாகப் பார்க்கவேண்டும். அந்தக் கண்ணுக்குள் விழுந்த ஒளி குறையில்லாத ஒளி. நம் கண்ணில் விழுவதும் அதே போன்ற நிறத்திட்டுகளும் விளிம்புகளும்தான். முகம் என்ற ஒன்று அந்த ஒளியில் எழுதி ஒட்டப்பட்டு வருவதில்லை. நாமும் பிறந்த புதிதிலிருந்து ஊகித்து ஊகித்துத்தான் இங்கே வந்து சேர்ந்திருக்கிறோம். ஊகிக்கிறோம் என்பதே மறந்துபோகும் அளவுக்கு அது வேகமாகிவிட்டது. ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இதை ‘நினைவுக்கு எட்டாத அனுமானம்’ என்று விளக்கியிருந்தார். எஸ்.பி.க்கு அந்த அனுமானம் நினைவுக்கு எட்டும்படியாகவே நடந்தது. குரல், திசை, முகத்தைப் பற்றி முன்பே தெரிந்த செய்தி, அதிலிருந்து முடிவு என்று ஒவ்வொரு படியும் அவருக்கே தெரிந்தது.

கை அறிந்ததைக் கண் அறிந்தது

ஆய்வாளர்கள் முதல் நாளில் எதிர்பாராத ஒன்றைக் கண்டார்கள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எஸ்.பி. மணி சொன்னார். எப்படி என்று கேட்டதும், சட்டைப் பையிலிருந்து கண்ணாடி மூடியில்லாத பெரிய கடிகாரம் ஒன்றை எடுத்து, முள்களை விரலால் தடவி, சட்டென்று மணியைச் சொல்லிக்காட்டினார். ஆண்டுக்கணக்கில் விரல் அறிந்திருந்த முள்ளின் நிலையைக் கண் அப்படியே வாங்கிக்கொண்டுவிட்டது.

ஆங்கில எழுத்துகளிலும் அப்படியே. பார்வையற்றோர் பள்ளியில் பெரிய எழுத்துகளை மட்டும் கட்டையில் பதித்துத் தடவிப் பார்க்கச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சிறிய எழுத்துகளைச் சொல்லித்தரவில்லை. இப்போது எஸ்.பி. பெரிய எழுத்துகளைக் கண்ணால் படித்தார். சிறிய எழுத்துகளைப் படிக்க முடியவில்லை. யாரோ திட்டமிட்டு வைத்த சோதனை போல இது தற்செயலாக அமைந்துவிட்டது.

டப்ளினைச் சேர்ந்த வில்லியம் மாலினோ 1688இல் தத்துவவாதி ஜான் லாக்குக்கு எழுதிய கடிதத்தில் கேட்ட கேள்வி இதுதான்: பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவர் உருண்டையையும் கனசதுரத்தையும் கையால் தடவி வேறுபடுத்தத் தெரிந்தவர், திடீரென்று பார்வை வந்தால், தொடாமல், கண்ணால் மட்டும் எது எதென்று சொல்வாரா? முடியாது என்பது மாலினோவின் கருத்து. லாக்கும் அதையே ஏற்றார். எஸ்.பி.யின் கடிகாரம் ‘முடியும்’ என்று சொல்வதுபோல இருக்கிறது. எனினும் இதை உடனே தீர்ப்பாக எடுத்துக்கொள்வதற்கில்லை. ஆய்வாளர்கள் போய்ச் சேர்வதற்குள் ஏழு வாரம் ஓடிவிட்டது. அதற்குள் மருத்துவமனை வார்டில் அவர் எதைத் தொட்டார், எதைப் பார்த்தார், செவிலியர்கள் எதைச் சொல்லிக் கொடுத்தார்கள் என்பதற்கெல்லாம் கணக்கில்லை.

காட்சிப் பிழைகள்

இனி அந்தப் படங்கள். சோல்னர் உருவத்தில் கோடுகள் இணை. போகண்டார்ஃப் உருவத்தில், ஒரு பட்டைக்குப் பின்னால் மறைந்து மறுபக்கம் வெளிவரும் சாய்கோடு நமக்கு முறிந்து விலகியதுபோலத் தெரியும், எஸ்.பி.க்கு அது ஒரே கோடு. முல்லர்-லயர் உருவம் பலருக்கும் தெரிந்தது: சம நீளமுள்ள இரு கோடுகள், ஒன்றின் முனைகளில் உள்நோக்கி மடங்கிய அம்புத்தலை, மற்றதில் வெளிநோக்கி விரிந்த இறக்கை. விரிந்தது நீளமாகத் தோன்றும். இதில் எஸ்.பி.யும் கொஞ்சம் ஏமாந்தார். ஆனால் நம்மைவிடக் குறைவாக.

எல்லாவற்றிலும் விசித்திரமானது நெக்கர் கனசதுரம். 1832இல் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த லூயி ஆல்பர்ட் நெக்கர் படிகங்களின் படங்களை வரைந்துகொண்டிருந்தபோது கவனித்தது. கம்பியால் செய்த பெட்டிபோல வெறும் கோடுகளால் வரைந்த கனசதுரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால், முன்பக்கம் பின்னால் போகும், பின்பக்கம் முன்னால் வரும். நாம் தடுத்தாலும் மாறிக்கொண்டே இருக்கும். எஸ்.பி.க்கு அது மாறவில்லை. மாறுவதற்கு முன்னும் பின்னும் வேண்டுமே. அவருக்கு அது தாளில் கிடக்கும் சில கோடுகள், ஆழமே இல்லை.

கிரகரியின் விளக்கத்தைப் பின்தொடர ஒரு சின்ன சோதனை உதவும். இரு கைகளையும் முன்னால் நீட்டி, ஒரு உள்ளங்கையை முழுக் கை தூரத்திலும் மற்றதைப் பாதி தூரத்திலும் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவாகத்தான் தெரியும். ஆனால் விழித்திரையில் விழும் பிம்பத்தில் தூரத்துக் கை பாதி நீளம்தான் இருக்கும். இப்போது ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அருகிலுள்ள கை தூரத்துக் கையைக் கொஞ்சம் மறைக்கும்படி நகர்த்துங்கள். வித்தியாசம் அப்பட்டமாகத் தெரியும். அதுவரை மூளை, ‘இது தூரத்தில் இருக்கிறது, எனவே உண்மையில் பெரியது’ என்று கேட்காமலே திருத்தம் செய்துகொண்டிருந்தது. இந்தத் திருத்தம் இல்லாவிட்டால் தெருவில் நம்மை விட்டு நடந்து போகிறவர்கள் எல்லாரும் சுருங்கிக்கொண்டே போவார்கள்.

தாளில் இருக்கும் கோடுகள் சில வேளை தூரத்தின் அடையாளங்களைப்போலவே அமைந்துவிடுகின்றன. விரிந்த இறக்கையுள்ள முல்லர்-லயர் கோடு, அறைக்குள் இரண்டு சுவர்கள் சந்திக்கும் உள்மூலையைப்போல இருக்கிறது. அம்புத்தலைக் கோடு கட்டடத்தின் வெளிமூலையைப்போல. ஒன்று விலகி நிற்பது, மற்றது நம்மை நோக்கி நீட்டுவது. மூளை வழக்கம்போல விலகியிருப்பதைப் பெரிதாக்குகிறது. தாளில் விலகல் ஏதும் இல்லாததால் திருத்தம் பிழையாகிறது. ஆக, காட்சிப் பிழை கண்ணின் குறையால் வருவதில்லை. தேர்ந்த கண்ணின் பழக்கம் தவறான இடத்தில் வேலை செய்வதால் வருகிறது. எஸ்.பி.க்கு அந்தப் பழக்கம் இல்லை. ஆகவே அந்தப் பிழையும் இல்லை.

வாதம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். இந்தக் கோட்பாட்டை முன்வைத்தவரும், சோதனையை நடத்தியவரும் ஒருவரே. கிரகரி இக்கோட்பாட்டை விரிவாக வெளியிட்டதும் அதே 1963இல்தான். கண்டது ஒரே ஒரு நோயாளியிடம். இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஜன்னலும் பிறை நிலவும் பஸ்ஸும்

ஆழம் தெரியாதது படத்தோடு நின்றிருந்தால் பெரிதில்லை. மருத்துவமனை ஜன்னலிலிருந்து எஸ்.பி. கீழே பார்த்தார். தரை முப்பது, நாற்பது அடிக்குக் கீழே. ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தொங்கினால் காலால் தரையைத் தொட்டுவிடலாம் என்று நினைத்தார். பிறகு கீழே போய் மேலே அண்ணாந்து பார்த்தபோதுதான் வியந்துபோனார். தாம் நடந்து பழகிய, கைக்கு எட்டிய தூரங்களை அவரால் ஓரளவு மதிப்பிட முடிந்தது. கையும் காலும் எட்டாத உயரம் அவருக்கு வெறும் காட்சி.

வானில் வளைந்து தெரிந்த ஒன்றைக் காட்டி அது என்ன என்று விசாரித்தார். நிலவு என்றார்கள். கால் நிலவு என்றால் கால் பங்காக வெட்டியெடுத்த கேக் துண்டைப்போல இருக்கும் என்று அத்தனை ஆண்டும் எண்ணியிருந்தார். தொட முடியாத பொருளுக்கு, தொட்ட பொருள் ஒன்றின் வடிவத்தை இரவல் வாங்கியிருந்தார்.

அவர் வரைந்த பஸ் படங்கள் இந்த நிகழ்வின் மிக நல்ல ஆவணம் என்பது என் எண்ணம். அறுவைக்குப் பின் சில மாத இடைவெளிகளில் அவரைப் பஸ் வரையச் சொன்னார்கள். முதல் படத்திலேயே ஜன்னல்கள், ஏணிப்படி, சக்கரங்கள் எல்லாம் உண்டு. சக்கரங்களில் ஆரக்கால்களைக்கூடப் போட்டிருந்தார், சிறு வயதில் பழைய வண்டிகளில் தடவி அறிந்திருக்கவேண்டும். பஸ் இடப்பக்கம் நோக்கி நிற்கிறது. இங்கிலாந்தில் வண்டிகள் நம் ஊரைப்போல இடப்பக்கம் ஓடுபவை. நடைபாதையில் நின்று பஸ்ஸைத் தடவும் ஒருவருக்கு அதன் முகப்பு எப்போதும் தம் இடப்பக்கம்தான். ஓராண்டுக்குப் பிந்திய படத்தில் ஆரக்கால்கள் போய்விட்டன, எழுத்துகள் வந்துவிட்டன, விவரம் கூடியிருக்கிறது. ஆனால் முன்பக்கத்து எஞ்சின் பகுதி அப்போதும் இல்லை. ஓராண்டாக அவர் எத்தனையோ பஸ்களைப் பார்த்திருப்பார். பயணி நின்றுகொண்டிருக்கும் பஸ்ஸின் முகப்பைப் போய்த் தடவுவதில்லை. ஆகவே அவருடைய பஸ்ஸுக்கு முகப்பே இல்லை.

கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த லேத்

லண்டனுக்கு அழைத்துப் போனார்கள். புகழ்பெற்ற கட்டடங்கள் அவருக்கு அலுப்பைத்தான் தந்தன. கருவிப் பிரியராயிற்றே என்று அறிவியல் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிச் சென்றார்கள். அங்கே ஆங்கிலேயப் பொறியாளர் ஹென்றி மாட்ஸ்லி உருவாக்கிய, திருகுமரை வெட்டும் லேத் இயந்திரம் ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. வாழ்நாளெல்லாம் இப்படி ஓர் இயந்திரத்தைப் பயன்படுத்த ஆசைப்பட்டவர் எஸ்.பி.

பெட்டிக்கு எதிரே நிறுத்தி, என்ன தெரிகிறது என்று கேட்டார்கள். அவருக்குப் பிடிபடவில்லை. அருகில் இருக்கும் பாகம் கைப்பிடியாக இருக்கலாம் என்றார்; மற்றது எதுவும் புரியவில்லை. மனம் கலங்கினார். அருங்காட்சியக ஊழியர் பெட்டியைத் திறந்து தொட அனுமதித்தார். எஸ்.பி. கண்களை இறுக மூடிக்கொண்டார். இரண்டு கைகளாலும் ஆவலோடு இயந்திரம் முழுவதையும் தடவினார். பிறகு ஓரடி பின்னால் வந்து, கண்ணைத் திறந்து, ‘இப்போது தொட்டுப் பார்த்துவிட்டேன், இனி என்னால் பார்க்க முடிகிறது’ என்றார். பாகங்களை ஒவ்வொன்றாகக் காட்டி, எது என்ன வேலை செய்யும் என்று விளக்கத் தொடங்கினார்.

முன்பு விழித்திரையில் விழுந்த அதே பிம்பம்தான் இப்போதும் விழுந்தது. வெளிச்சம் கூடவில்லை, கண்ணாடிப் பெட்டியைத் திறந்ததால் கூர்மையும் பெரிதாகக் கூடியிருக்காது. ஒரு சில நிமிடம் கை வேலை செய்தது. அதன்பின் கண்ணுக்கு அர்த்தம் வந்தது.

இந்தக் கதை இங்கே முடிந்திருக்கலாம். முடியவில்லை. கண் தெரியாத நாளில் அஞ்சாமல் சாலையைக் கடந்தவர், கண் தெரிந்தபின் நடுங்கினார். இருவர் இரு கையையும் பிடித்து இழுத்துக்கொண்டு கடக்கவேண்டியிருந்தது. பல மாலைகளில் விளக்கைப் போடாமல் இருட்டிலேயே உட்கார்ந்திருப்பார். உரிந்த சுவர் வண்ணமும் கீறல்களும் அவரைத் துன்புறுத்தின. உலகம் இவ்வளவு மங்கலாக இருக்கும் என்று அவர் நினைத்திருக்கவில்லை. பார்வை வந்தும் படிக்கத் தெரியவில்லையே என்று கேலி செய்தவர்களும் உண்டு. கைதேர்ந்த பார்வையற்றவர் என்ற நிலை போய், தட்டுத்தடுமாறும் பார்வையுள்ளவராக ஆனார். 1960 ஆகஸ்ட் 2ஆம் தேதி இறந்தார். அறுவை நடந்து இரண்டாண்டுகூட ஆகவில்லை. உள்ளச் சோர்வைப் பற்றி அறிக்கை ஒளிக்காமல் எழுதுகிறது; பார்வைதான் அவரைக் கொன்றது என்று சிலர் பிற்பாடு எழுதியது மிகை என்று நினைக்கிறேன்.

எந்தப் புலன் பொய் சொல்கிறது?

எஸ்.பி.க்கு 230 ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கேள்வியைப் பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் கேட்டிருக்கிறான். லண்டன் அறுவை மருத்துவர் வில்லியம் செசல்டன் அவனுக்குக் கண்புரை நீக்கி, 1728இல் அதைப் பதிவு செய்தார். பார்வை வந்த சிறுவன் முதலில் ஓவியங்களை நிறம் தீட்டிய பலகை என்றே நினைத்தான். இரண்டு மாதம் கழித்து, அவை திடப்பொருள்களைக் காட்டுகின்றன என்று சட்டென்று விளங்கியது. உடனே தொட்டுப் பார்த்தான். மேடு பள்ளம் எதுவும் இல்லை, தட்டையாக இருந்தது. ‘எந்தப் புலன் பொய் சொல்கிறது, தொடுவதா, பார்ப்பதா?’ என்று கேட்டான்.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் ஊர்ப் பழமொழி. மூளையும் விசாரிக்கத்தான் செய்கிறது. ஆனால் சாட்சிகள் எல்லோரையும் சமமாக மதிப்பதில்லை. 1964இல் ராக், விக்டர் என்ற இரு ஆய்வாளர்கள், சதுரத்தை நீள்சதுரமாகக் காட்டும் லென்ஸ் வழியாகப் பார்க்கவைத்து, அதே நேரத்தில் அந்தச் சதுரத்தைக் கையாலும் தடவச் செய்தார்கள். தடவியது சதுரம், ஆனால் பங்கேற்றவர்கள் நீள்சதுரத்தையே உணர்ந்தார்கள். கண் சொன்னதைக் கை ஏற்றுக்கொண்டது. அதனால் கண்தான் எப்போதும் தலைமை என்று வெகுகாலம் எண்ணப்பட்டது. 2002இல் எர்ன்ஸ்ட், பேங்க்ஸ் என்ற ஆய்வாளர்கள், கையால் தடவும் பொருளின் காட்சியை வேண்டுமென்றே கலங்கலாக்கிப் பார்த்தார்கள். கலங்கல் கூடக்கூட, தீர்ப்பு படிப்படியாகக் கையின் பக்கம் சாய்ந்தது. நம்பகம் அதிகமுள்ள புலனுக்கு அதிக எடை என்ற கணக்கை, நமக்குத் தெரியாமலே மூளை நொடிக்கு நொடி போட்டுக்கொண்டிருக்கிறது.

இந்தக் கணக்கை எஸ்.பி.க்குப் போட்டுப் பாருங்கள். கைக்கு ஐம்பது ஆண்டுச் சேவை. கண்ணுக்குச் சில வாரம், சில மாதம். லேத் முன்னால் அவர் கண்ணை மூடிக்கொண்டு தடவியதில் வியப்பில்லை. அவருக்கு மெய் என்பது கையில் இருந்தது. கை உறுதி செய்யாத நிலவும் ஜன்னலுக்குக் கீழுள்ள தரையும் அவருக்குப் பொய்யாகவும் தோன்றவில்லை, மெய்யாகவும் தோன்றவில்லை, பொருளற்றுக் கிடந்தன. மெய்யா பொய்யா என்ற கேள்வி எழுவதற்கே முதலில் ஓர் ஊகம் வேண்டும் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய நிகழ்வு வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இந்தியாவிலிருந்து வந்த மறுப்பு

இனி அந்த அழகான வாதத்துக்கு வந்த சோதனை. அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் (எம்.ஐ.டி.) பணிபுரியும் பவன் சின்ஹா, பிறவிக் கண்புரையால் பார்வையிழந்த இந்தியச் சிறுவர்களுக்கு டெல்லியில் அறுவை சிகிச்சை செய்வித்து, அவர்கள் பார்க்கக் கற்பதை ஆராயும் ‘பிரகாஷ்’ திட்டத்தைத் தொடங்கினார். எஸ்.பி.யிடம் ஏழு வாரம் கழித்துத்தான் போக முடிந்தது. இங்கே கட்டு அவிழ்த்த கையோடு சோதிக்க முடிந்தது.

2011இல் வெளியான ஆய்வில் 8 முதல் 17 வயது வரையுள்ள ஐந்து பேர். கட்டைகளைக் கையால் தடவி, கையாலேயே அடையாளம் காண்பதில் பிழையே இல்லை எனலாம். கண்ணால் பார்த்துக் கண்ணால் அடையாளம் காண்பதும் நன்றாகவே வந்தது. கையால் தடவியதைக் கண்ணால் கண்டுபிடிக்கச் சொன்னபோது மட்டும், காசைச் சுண்டிப் போட்டுச் சொல்வதைவிடச் சற்றே மேல். மாலினோவுக்கும் லாக்குக்கும் 300 ஆண்டுக்குப் பின் வெற்றி. ஆனால் தனிப்பயிற்சி ஏதுமின்றி, சில நாள்களிலேயே அந்தத் திறன் வேகமாக உயர்ந்தது. எஸ்.பி.யின் கடிகாரத்துக்கு இப்போது விடை கிடைக்கிறது: ஏழு வாரம் அதற்கு ஏராளமான காலம்.

2015இல் வந்த ஆய்வு கிரகரியின் வாதத்தை நேராகவே தாக்கியது. 8 முதல் 16 வயது வரையுள்ள ஒன்பது சிறுவர்களுக்கு, அறுவை முடிந்து இரண்டு நாளுக்குள் முல்லர்-லயர் உருவத்தையும், தண்டவாளம்போலக் குவியும் கோடுகளுக்கு நடுவே இரண்டு குறுக்குக்கோடுகள் உள்ள பொன்சோ உருவத்தையும் காட்டினார்கள். அவர்களும் நம்மைப்போலவே ஏமாந்தார்கள். தண்டவாளத்தையும் அறை மூலையையும் பார்த்துப் பழகியதால் வந்த பிழை என்றால், இரண்டு நாள் பார்வையில் அது வந்திருக்கக்கூடாது.

அப்படியானால் எஸ்.பி.யிடம் கண்டது தவறா? முழுவதும் தவறென்று தள்ளத் தோன்றவில்லை. முல்லர்-லயர் படத்தில் அவரும் கொஞ்சம் ஏமாந்தார் என்பதை முதலிலேயே பார்த்தோம். இரண்டு ஆய்வுகளும் அந்த இடத்தில் அவ்வளவு தூரம் முரண்படவில்லை. காட்சிப் பிழை என்று ஒரே பெயரால் அழைக்கப்படுபவை ஒரே இடத்தில் பிறப்பவை அல்ல என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. சில, கோட்டையும் கோணத்தையும் அலசும் தொடக்க நிலைகளிலேயே பிறக்கின்றன. அவற்றுக்கு அனுபவம் அதிகம் தேவையில்லை. நெக்கர் கனசதுரத்தைப்போலச் சில, ‘இது ஒரு திடப்பொருள்’ என்ற ஊகம் இல்லாமல் பிறக்கவே முடியாதவை. கிரகரி இரண்டையும் ஒரே விளக்கத்தில் அடைக்கப் பார்த்தார். அதில்தான் சறுக்கல்.

ஊகமே பிழையை உண்டாக்கும் வகைக்கு இன்னொரு சான்று, முகமூடியின் குழிந்த பின்பக்கம். அதைச் சற்று தள்ளி நின்று பார்த்தால் முன்னால் துருத்தும் சாதாரண முகமாகவே தெரியும். உட்குழிந்த முகத்தை நாம் கண்டதில்லை; ஆகவே மூளை அதை ஏற்க மறுக்கிறது. மனச்சிதைவு நோயுள்ளவர்கள் பலரை இது ஏமாற்றுவதில்லை என்று 2009இல் ஒரு மூளைப்பட ஆய்வு காட்டியது. அவர்கள் குழிந்ததைக் குழிந்ததாகவே கண்டார்கள். அவர்களுடைய மூளையில், மேலிருந்து இறங்கிவரும் ஊகம் கண்ணிலிருந்து ஏறிவரும் செய்தியைத் திருத்தும் பிணைப்பு பலவீனமாக இருந்தது. இல்லாத குரல்கள் கேட்கக்கூடிய நோய் உள்ளவர்கள், இந்த ஒரு படத்தில் நம்மைவிடச் சரியாகப் பார்க்கிறார்கள்.

எஸ்.பி.யின் காலத்தில் உயிருள்ள மூளை வேலை செய்வதைப் படம்பிடிக்கும் வசதி இல்லை. அந்தக் குறையை ஓரளவு தீர்த்தவர் அமெரிக்கரான மைக் மே. மூன்று வயதில் வெடிவிபத்தில் பார்வையிழந்தவர். பார்வையில்லாமலே பனிச்சறுக்குப் போட்டிகளில் பேர் எடுத்தவர். 2000இல், நாற்பது தாண்டிய வயதில், ஒரு கண்ணில் பார்வை பெற்றார். நிறமும் அசைவும் அவருக்கு நன்றாகவே தெரிந்தன. முகமும் பொருளும் பிடிபடவில்லை. 2003இல் வெளியான ஆய்வில் அவர் மூளையைப் படம்பிடித்தபோதும் அதுவே தெரிந்தது: அசைவை அறியும் பகுதி ஏறக்குறைய இயல்பாக இயங்கியது, முகங்களுக்கும் பொருள்களுக்கும் உரிய பகுதிகள் மிகக் குறைவாகவே கிளர்ந்தன. அவருக்கும் தாளில் கிடந்த கனசதுரம் வெறும் கோடுகள்தான். ஆனால் கணினித் திரையில் அதே கனசதுரம் சுழலத் தொடங்கியதும், கனசதுரம் என்று அடையாளம் கண்டுகொண்டார். வுல்வர்ஹாம்ப்டனில் எஸ்.பி.க்குக் காட்டப்பட்டது அசையாத படம்.